ஆயிரம் புள்ளிக்குள் அண்ணன்

அண்ணே.

இப்போதும் வாய் திறந்தால் முதலில் அதுதான் வருகிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாவிட்டாலும் அண்ணே என்கிறேன். மழை வந்து கொடியில் துணி நனைந்தாலும் அண்ணே என்கிறேன். சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது நினைவு வருகிறது. நீ இருந்திருந்தால் இந்தக் கதையை நீதான் எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

அண்ணனுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா இறந்தபோது நான் சின்னப் பிள்ளை. அதனால் எனக்கு அண்ணன்தான் அப்பா மாதிரி. அவன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற வேலைக்குப் போனான். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி விடுகிற அந்த வேலையில் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நிமிர்ந்து நிற்பான். எங்கள் தோட்டத்து மென்பந்து கிரிக்கெட் டீமுக்கு அவன்தான் கெப்டன்.

போன ஆவணியில் ஆறாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. கூட வேலை செய்த எல்லாரும் ஓடிவிட்டார்கள். அண்ணனுக்கு முழங்கால் சரியில்லை. அவனால் ஓட முடியவில்லை. ரோட்டுக்குத் தூக்கி வந்தபோது எதிர்த்த தோட்டத்து கெப்டனின் ஓட்டோதான் அந்தப் பக்கமாக வந்தது. அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அண்ணன் பிழைக்கவில்லை. அவர் பிறகு அந்த ஓட்டோவின் பின் சீட்டைக் கழற்றிக் கழுவினார் என்று கேள்விப்பட்டேன். ஏன் கழுவினார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஹட்டனைச் சுற்றியிருக்கிற தோட்டங்களும் டவுன்காரர்களும் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கல் முடிந்ததும் போட்டி நடத்துவார்கள். எட்டு டீம். டவுன் டீமுக்குப் பின்னால் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் மலைதான் இருக்கிறது. அதனால் காசு உள்ளவன் நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாமலிருக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு டீமுக்கும் ஆயிரம் புள்ளி. காசு இல்லை, வெறும் புள்ளி. அதற்குள் பதினைந்து பேரை எடுக்க வேண்டும். பழைய டீமிலிருந்து மூன்று பேரை மட்டும் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். முதல் ஆளுக்கு முந்நூறு புள்ளி போய்விடும். மற்ற இரண்டு பேருக்கும் இருநூறு இருநூறு. மீதி எல்லாரும் ஏலத்துக்குப் போவார்கள். யாரையும் இருபதுக்குக் குறைத்துக் கேட்க முடியாது. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பையன்கள் வீட்டுக்கு வருவார்கள். அப்போதுதான் ஏலம்.

போட்டி பங்குனியில் முடிந்துவிடும். மற்றவர்களுக்கு அதோடு சரி. அண்ணனுக்கு அதன் பிறகுதான் ஆட்டமே. வைகாசி மழை தகரத்தில் கொட்டுகிற நேரத்தில் அவன் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் தரையில் சோடா மூடிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவான். ஐம்பது மூடி. ஒரு மூடி இருபது புள்ளி. கணக்கு அவனுக்கும் வராது, எனக்கும் வராது. மூடியை நகர்த்தினால் இரண்டு பேருக்கும் விளங்கும். என்னை மெனேஜர் என்று கூப்பிடுவான்.

போன வருடம் எங்கள் டீமில் ஒரு இடக்கைப் பையன் வந்தான். கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறவன். லெப்ட் என்றுதான் கூப்பிடுவோம். யாருக்கும் அவனைத் தெரியாது. இருபதுக்கு எடுத்தோம். அவன் போட்ட பந்தை ஒருவனாலும் தொட முடியவில்லை. இனி அவனை எல்லாருக்கும் தெரியும். இந்த முறை ஏலத்துக்குப் போனால் டவுன் டீம் எவ்வளவு சொல்லியாவது எடுத்துவிடும்.

போன வைகாசியில் ஒருநாள் அண்ணன் மூடிகளை அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

“மெனேஜர், இங்க வா. மொத எடத்துல இருந்து என்னய தூக்கிட்டு லெப்ட்ட வச்சுப் பாரு.”

“நீதான கெப்டன். ஒன்னய எப்படி தூக்குறது?”

“கையாலதான். காலால தள்ளுனா அம்மா அடிக்கும்.”

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னது: “ரெண்டு பேரையும் சேத்துத்தான் அடிப்பேன். மூடி காலுல குத்துது.”

“கேளு. லெப்ட்டு, கீப்பர், அந்த மொத ஆளா எறங்குற பயல், மூணு பேரும் நம்மகிட்ட நிப்பானுங்க. நான் ஏலத்துக்குப் போறேன். முழங்கால் போன மாட்ட எவன் வாங்குவான்? கேக்க ஆளில்லாம கெடப்பேன். நீ கைய தூக்கி இருவதுன்னு சொல்லு. வந்துருவேன்.”

“வேற யாராச்சும் கைய தூக்கிட்டா?”

“தூக்க மாட்டானுங்க. தூக்குனா நம்மகிட்ட இன்னும் மூணு மூடி மிச்சம் இருக்கும். எம்பது வரைக்கும் போலாம். அதுக்கு மேல எனக்கு நானே குடுக்க மாட்டேன்.”

“பையன்கள் ஒத்துக்குவாங்களா?”

“ஒத்துக்க மாட்டானுங்க. தீவாளிக்கு வரட்டும். நேருல சொல்லிக்கிறேன். போன்ல சொன்னா அழுவானுங்க.”

முன்னால் இருந்த பதினைந்து மூடியிலிருந்து தன்னை எடுத்து ஓரமாக ஒற்றை மூடியாக வைத்தான். அதைப் பார்த்து அவனே சிரித்தான். “எவ்வளவு எடம் கெடைக்குது பாரு, நான் இல்லேனா.”

அவன் அதைச் சாவை நினைத்துச் சொல்லவில்லை. கிரிக்கெட்டை நினைத்துத்தான் சொன்னான். ஆனால் அது இப்போதும் என் காதுக்குள் கிடக்கிறது.

அவன் போன பிறகு எங்கள் காம்பராவில் அவன் சத்தம் நிற்கவில்லை. அவனுக்கு நடக்கும்போது ஒரு கால் அழுத்தமாக விழும், மற்றது லேசாக விழும். எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு ஏறுகிற கல்லுப்படியில் வேலை முடிந்து ஆட்கள் வரும்போதெல்லாம் அத்தனை காலுக்குள்ளும் அந்த ஒரு கால் சத்தம் எனக்குக் கேட்கும். எனக்கு மட்டும் என்று நினைத்தேன். ஒருநாள் அம்மா எழுந்து போய்க் கதவின் கொண்டியை எடுத்துவிட்டு வந்து மறுபடி மாவு பிசைந்தது. வாசலில் மூடுபனி மட்டும் வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நானே போய்க் கொண்டியைப் போட்டேன்.

போனிலும் இருந்தான். டீம் குரூப்பில் அவன் பேசி அனுப்பிய குரல்கள் அப்படியே கிடந்தன. கருமாதிக்கு முந்தின நாள் யாரோ ஒரு பையன் கை தவறி அதில் ஒன்றைத் தட்டிவிட்டான். “டேய் நேரத்தோட வாங்கடா, கிரவுண்டுல தண்ணி நிக்குது” என்று அண்ணன் குரல் வந்தது. வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். ஒருவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு அடி நடந்துவிட்டார். பிறகுதான் நின்றார்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் கீப்பரும், சாவுக்கென்று கொழும்பிலிருந்து வந்திருந்த இடக்கைப் பையனும் வீட்டுக்கு வந்தார்கள். கீப்பர் எங்கள் லயத்திலேயே இருக்கிறவர், அண்ணனுக்கு மச்சான் முறை. எந்த இடத்திலும் சிரிப்புக் காட்டுகிறவர். அன்றைக்கு அவர் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார்.

“அத்தே, நாங்க பசங்க எல்லாம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்,” என்றார் அம்மாவிடம். “நிறுத்தி வைக்கிற மூணு பேருல மொத பேரு கெப்டன் பேருதான். குடுத்துட்டோம். அவரு இருந்தாலும் இல்லாட்டியும் எங்களுக்கு அவருதான் கெப்டன்.”

அம்மா கொஞ்ச நேரம் விளங்காமல் பார்த்தது. பிறகு விளங்கியது. முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “அவன் பேரு இருக்குல்ல, அது போதும்ப்பா. உக்காருங்க, பிளேன்டீ ஊத்துறேன்” என்றது. அவன் போன பிறகு அம்மா யாருக்காவது தானாக டீ ஊற்றியது அதுதான் முதல் தடவை.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்கள் போன பிறகு மூடிகளை எடுத்துப் பரப்பினேன். அண்ணனுக்குப் பதினைந்து மூடி வைத்தேன். கீப்பருக்குப் பத்து. முதலில் இறங்குகிறவருக்குப் பத்து. மீதி பதினைந்து. இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு மூடி வைத்தால் மூன்று மிஞ்சும். இடக்கைப் பையனுக்கு நாங்கள் எவ்வளவு நீட்டினாலும் நான்கு மூடிக்கு மேல் போக முடியாது. டவுன் டீம் கண்ணை மூடிக்கொண்டு பத்து மூடி போடும். அவன் போய்விடுவான். பந்து போட ஆள் இல்லாமல், வராத ஒரு ஆளுக்குப் பதினைந்து மூடியைக் கொடுத்துவிட்டு நாங்கள் கிரவுண்டில் நிற்போம். இதை அண்ணன் பார்த்திருந்தால் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பான்.

அவன் நினைத்து வைத்திருந்தது வேறு என்று பையன்களுக்குத் தெரியாது. எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். நான் பேசாமல் இருந்தால் அண்ணன் டீமில் இருப்பான். பேசினால் நான்தான் அவனை எடுத்தவளாவேன்.

கோயிலடியில் இடக்கைப் பையனைக் கண்டபோது கேட்டேன்.

“டவுனுக்குப் போறீங்களா?”

“எடுத்தா போகத்தான வேணும் தங்கச்சி. அண்ணன் எடத்துல நான் உக்காந்தா எனக்கு பந்து நேரா போகாது. நேத்து மாதா கெபில மெழுகுதிரி கொளுத்திட்டு அதத்தான் சொன்னேன். டவுனுக்கே போறேன்னு சொல்லிட்டேன்.”

“மாதா என்னா சொன்னாங்க?”

“ஒண்ணுஞ் சொல்லல. காத்துல திரி அணைஞ்சு போச்சு.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூடியை வைத்துக் காட்டினேன். அம்மா பதினைந்து மூடியையும் கையால் மூடிக்கொண்டது.

“இதுல அவன் இருக்கான். ஒனக்கு என்னாடி செய்யுது?”

“அவனே தூக்கச் சொன்னாம்மா. நீயும் கேட்ட.”

“கேட்டேன். உசுரோட இருக்கறவன் சொன்னா அது வேற.”

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் வேலை செய்கிற துணிக்கடைக்குக் கிளம்பும்போது அம்மா கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “அவன் சொன்னத செஞ்சிரு. என்னய கூட்டிட்டுப் போகாத” என்றது.

போட்டியை நடத்துகிறவர் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துப் பையன்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். அண்ணன் சாவுக்கு வந்து கடைசி வரை நின்றார். நிறுத்தி வைத்த ஆளை மாற்ற வேண்டுமென்றால் அந்த ஆள் நேரில் வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு ஆட்கள் வந்து சொல்ல வேண்டும். அது அவர் வைத்த சட்டம். போன வருடம் ஒருவனுக்குத் தெரியாமல் அவன் டீம்காரர்களே அவனைக் கழற்றிவிட்டுச் சண்டை வந்ததால் வைத்தது.

நான் போனபோது கடையில் சனம். ஆணி நிறுக்கிறார்கள், வாளிக்கு விலை பேசுகிறார்கள். நானா என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“வாங்க மகள். உம்மா எப்படி ஈக்கிறாங்க?”

“இருக்காங்க. நானா, அண்ணன் பேர மாத்தணும். மொத எடத்துல லெப்ட்ட போடணும்.”

“அது பொடியன்மார் ஆசைப்பட்டு தந்த பேரு. மாத்தணும்னா ஊட்டாக்கள் காரணம் ஒன்று வாயால செல்லோணும். செல்லுங்க மகள்.”

எனக்கு அந்த வார்த்தை தெரியும். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அத்தனை பேர் நடுவில், சிமெண்ட் மூட்டை பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

“அண்ணனுக்கு முழங்கால் சரியில்ல நானா. இந்த வருசம் ஆட மாட்டான்.”

நானா என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு திரும்பி, எழுதுகிறவரிடம், “முழங்கால் சரியில்லையாம். அவர நீக்கிட்டு லெப்ட் பொடியன்ட பேர போடுங்க” என்றார், ஒன்றும் நடக்காதது போல. அந்த மனிதர் கடைக்குப் புதிது, கொத்மலைப் பக்கத்து ஆள். அவருக்கு ஒன்றும் தெரியாது. சரி என்று தலையாட்டி எழுதினார்.

பையன்கள் என் மீது கோபப்படவில்லை. கீப்பர் மட்டும் கொஞ்ச நாள் என்னிடம் பேசாமல் இருந்தார். அண்ணன் சொன்னதை எல்லாம் அவரிடம் சொன்னேன். “எருமைமாடு. இதக்கூட சொல்லாம போயிட்டான்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “ஏலத்துக்கு நீயே வா. மூடி ஒனக்குத்தான் பேசும்” என்றார்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் பலகாரம் கொண்டு வந்து கொடுத்தார்கள். மறுநாள் காலையில் கோயில் மண்டபத்தில் ஏலம். எட்டு டீமுக்கும் எட்டு மேசை. நான் ஒருத்திதான் பெண். எதிர்த்த தோட்டத்து மேசையில் அந்த ஓட்டோ கெப்டன் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அண்ணனுக்கும் வருடம் முழுக்க வாய்ச்சண்டை. எங்கள் டீமை முதியோர் மடம் என்பார். அன்றைக்கு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஏலத்துக்கு வருகிறவர்களின் பெயர் எல்லாம் துண்டு துண்டாக எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். நானா ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசிப்பார். நான் மடியில் மூடிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரை எடுத்தோம். இருபது, இருபது. எல்லாம் அண்ணன் சொன்ன வழியில் போனது. கீப்பர் என் காதில், “அந்த வட்டவள பயல விட்றாத, அவன் அம்மா நல்லா மீன் கொழம்பு வைக்கும்” என்றார். சிரிப்பு வந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தபோது நானா அடுத்த துண்டை எடுத்தார்.

கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார். வாசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அந்தப் புது மனிதர், நானாவுக்கு எழுத்து விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, எட்டிப் பார்த்து அவரே மைக்கில் வாசித்துவிட்டார்.

அண்ணனின் முழுப் பெயர். அப்பா பெயரோடு. தோட்டத்தின் பெயரோடு.

நீக்கிய ஆள் ஏலத்துக்குத்தான் போக வேண்டும். அது சட்டம். முழங்கால் சரியில்லாதவர் என்று அவருக்குத் தெரிந்ததை வைத்து அவர் துண்டு எழுதிப் போட்டிருக்கிறார். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையால் அண்ணன் டின்னுக்குள் போய்விட்டான்.

மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. மைக் மட்டும் இரைந்தது. எனக்கு முதுகுப் பக்கமாக யாரோ ஒரு கால் அழுத்தி ஒரு கால் லேசாக நடந்து வருவது போல இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் இருப்பானோ என்ற பயம் இல்லை. பார்த்தால் இருக்க மாட்டானே என்றுதான் பயம்.

நானா துண்டைப் பையில் வைக்கப் போனார். “மன்னிச்சுக்கொள்ளுங்க. இத தள்ளி வச்சிட்டு...”

அதற்குள் என் கை மேலே போய்விட்டது.

“இருவது” என்றேன்.

அவன் சொன்னது அதுதானே. கையைத் தூக்கி இருபது என்று சொல், வந்துவிடுவேன் என்று. அந்த நேரத்தில் நான் அதை நம்பினேன். இதை எழுத வெட்கமாக இல்லை. நம்பினேன். சொல்லிவிட்டால் வந்துவிடுவான் என்று.

நானா துண்டைத் திரும்ப மேசையில் வைத்தார். பிறகு மைக்கை எடுத்து, “இருவது. ஒரு தரம்” என்றார்.

“நாப்பது.”

எதிர்த்த தோட்டத்து மேசை. ஓட்டோ கெப்டன் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கீப்பர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“டேய், ஒனக்கு அறிவிருக்கா? என்னா வெளையாடுறியா?”

“வெளையாடல மச்சான். ஏலம்னா ஏலம். இருவதுக்குப் போற ஆளா அவன்?”

கீப்பர் நின்றபடியே நின்றார். டவுன் டீம் மேசையில் ஒரு பெரியவர் மெல்லக் கையைத் தூக்கி, “அறுவது” என்றார். அவர் முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எம்பது” என்றேன் நான். என்னிடம் மிஞ்சியிருந்த மூன்று மூடியும் கையில் இருந்தன. இறுக்கிப் பிடித்ததில் அதன் பல் உள்ளங்கையில் பதிந்துவிட்டது.

“நூறு” என்றார் ஓட்டோ கெப்டன்.

என்னால் போக முடியவில்லை. போனால் ஆள் குறையும், பதினைந்து பேர் சேர மாட்டார்கள், டீமையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். எம்பதுக்கு மேல் எனக்கு நானே கொடுக்க மாட்டேன் என்று அவனே சொன்னான். ஆனாலும் நான் கீப்பரைப் பார்த்தேன். இடக்கைப் பையனைப் பார்த்தேன். அவன், “என்னய குடுத்துருங்க தங்கச்சி. அவர எடுங்க” என்றான். குடுக்க முடியாது. நிறுத்தி வைத்த ஆளைக் குடுக்கச் சட்டம் இல்லை.

நானா மூன்று தரம் சொல்லி முடிக்கும் வரை நான் கையைத் தூக்கியே வைத்திருந்தேன். எண் ஒன்றும் சொல்லாமல் வெறும் கை. பிறகு கீப்பர்தான் என் கையைப் பிடித்து இறக்கினார்.

அண்ணன் எதிர்த்த தோட்டத்துக்குப் போய்விட்டான்.

வெளியில் வந்ததும் ஓட்டோ கெப்டன் என்னிடம் வந்தார். நான் அவரைத் திட்டினேன். என்ன சொல்லித் திட்டினேன் என்று நினைவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“தங்கச்சி, அன்னைக்கு என் வண்டியில வரும்போது அவனுக்குப் பேச முடியல. என் கையதான் புடிச்சிருந்தான். டவுனுக்குள்ள வரும்போது விட்டுட்டான். நான்தான் கடசியா அவன்கூட இருந்தேன். என்கிட்டயும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

“எங்க டீம் புள்ளி முழுக்க குடுத்திருப்பேன்.”

“தெரியும். குடுத்திருந்தா அவன் ஒன்னய கொன்னுருவான். எங்களுக்கு நூறு போனா போவுது. நாங்க தோக்குறது புதுசா?”

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மிச்ச மூடிகளுக்கு யாரையெல்லாம் எடுத்தோம் என்று கேட்டால் கீப்பரைத்தான் கேட்க வேண்டும். நான் மறுபடி மண்டபத்துக்குள் போகவில்லை.

அம்மா லயத்து முனையில் காத்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழும் என்று நினைத்தேன். அம்மா பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பார்த்தது. எதிர்த்த தோட்டத்து லயங்கள் எங்கள் வாசலிலிருந்து தெரியும், பனி விலகினால்.

“அங்கயா குடுத்துட்டு வந்த?”

“குடுக்கலம்மா. எடுத்துட்டாங்க.”

அங்கிருந்து கண்ணை எடுக்காமலே அம்மா கேட்டது: “அந்தப் பக்கம் குளவிக் கூடு இருக்கான்னு கேட்டியா?”

நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது போட்டி நடக்கிறது. எதிர்த்த தோட்டத்து கிரவுண்டில் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு டீம் ஆட்களின் பெயரையும் மைக்கில் வாசிக்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் வாசலுக்கே கேட்கும். பதினான்கு பெயர் போன பிறகு பதினைந்தாவதாக அண்ணனின் பெயரை வாசிக்கிறார்கள். அப்போது அந்த டீம் பையன்கள் எல்லாரும் சேர்ந்து, “இருக்காரு” என்கிறார்கள். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்து சேர்வதற்குள் கொஞ்சம் மெலிந்துவிடும். ஒருவர் மட்டும் சொல்வது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மா மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் போய் நின்றுவிடும். கேட்டு முடிந்ததும் உள்ளே வந்து சோறு வடிக்கும். நான் காதைப் பொத்திக்கொள்வேன். சில நாள் பொத்துவதில்லை.

எங்கள் டீம் மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டது. இடக்கைப் பையன் விக்கெட் எடுத்தால் துள்ளுவதில்லை, தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறான். அவன் நிற்கிற இடம் அண்ணன் கொடுத்தது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். நான் செய்தது சரி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குச் சரியா தப்பா என்று தெரியவில்லை. அவன் இந்தப் பக்கமும் இல்லாமல், அந்தப் பக்கமும் இல்லாமல், கூப்பிடுகிற பக்கமெல்லாம் நடந்துகொண்டிருக்கிறானோ என்றுதான் எனக்குப் பயம். நாங்கள் கூப்பிடுகிறோம், அவர்கள் கூப்பிடுகிறார்கள், அம்மா வாய்க்குள் கூப்பிடுகிறது. அவனுக்கு எங்கே உட்கார நேரம்?

அதனால்தான் இதை எழுதினேன். இதை வாசிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களோ, மாதாவிடம் போகிறவர்களோ, பள்ளியில் தொழுகிறவர்களோ, எல்லாரும் எங்கள் அண்ணனுக்காக ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள். அவனைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டாம். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவன் எங்கேயாவது ஒரு இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கட்டும், யார் கூப்பிட்டாலும் எழுந்து வராமல் நிம்மதியாக இருக்கட்டும் என்று மட்டும் கேளுங்கள்.